எந்தக் கணக்கு?

அண்ணி அதை ஒரு சிரிப்புக் கதையாகத்தான் ஆரம்பித்தாள். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், எங்கள் காம்பராவில் அடுப்புக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, ஐந்து மாத வயிற்றின் மேல் ரொட்டித் தட்டை வைத்துக்கொண்டு, அன்றைக்குக் கிளினிக்கில் நடந்ததைச் சொன்னாள்.

“என்னைய மூணு புள்ளைக்காரியாக்கிட்டாங்க பாப்பா. அந்த நர்ஸ் அம்மா கேக்குறாங்க, மூணாவதுதானே நங்கி, எதுக்குப் பயப்படுறன்னு. அம்புட்டுப் பேரு முன்னால! நம்ம லயத்து ஆளுங்க வாயப் பத்தித்தான் தெரியுமே. இந்நேரம் லிந்துலை வரைக்கும் போயிருக்கும்.”

அண்ணன் புரையேறும்வரை சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த நர்ஸ் சிங்களவர், நல்ல மனுஷி. தோட்டத்துப் பெண்களை எல்லாம் சிங்கள வழக்கப்படி நங்கி, தங்கை, என்றுதான் கூப்பிடுவார். அண்ணிக்கு அது தலைப்பிள்ளை.

“அப்பறம் ஊசிய எடுத்தாங்க. மாசா மாசம் போடுறதுதானே, கைய நீட்டுன்னாங்க. புள்ளத்தாச்சிக்குப் போடுற ஊசியாக்கும்னு நானும் நீட்டிட்டேன். என்னமோ, வாய் சும்மா இருக்காம ஒரு வார்த்தை சொன்னேன், எனக்கு பென்சிலின் ஆகாதுங்கன்னு. அந்தம்மா கையில இருந்த ஊசியப் பாத்தாங்க. என்னையப் பாத்தாங்க. இது அதுதானேன்னாங்க.”

அண்ணனின் சிரிப்பு அப்படியே நின்றது. கல்யாணமான முதல் வருஷம் அண்ணி மலையில் வழுக்கி விழுந்து காலைக் கிழித்துக்கொண்டாள். டிஸ்பென்சரியில் ஊசி போட்டார்கள். வெளியே வருவதற்குள் முகம் வீங்கிக் கண் மூடிவிட்டது, மூச்சு வரவில்லை. கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, பிழைத்ததே பெரிது என்றார்கள். அன்றிலிருந்து ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே அண்ணன் எழுந்து நின்றுவிடுவான். அன்றைக்கும் எழுந்து நின்றான்.

“உங்க ஆபீஸ் கிளினிக்தானே?” என்று என்னைப் பார்த்துக் கேட்டான்.

ஆமாம், எங்கள் அலுவலகத்துக் கிளினிக்தான். வெளிநாட்டு உதவியில் நடந்த ஒரு சிறிய நிறுவனம் அது. தோட்டம் தோட்டமாக வேனில் போய் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் நீண்டநாள் நோயாளிகளையும் பார்ப்பார்கள். வேனோடு போகிற லெப்டொப்பில் ஒவ்வொருவர் விவரமும் பதிவாகும். வார முடிவில் அது ஹட்டன் அலுவலகத்துக்கு வரும். அதிலுள்ளதை என் கணினி வாங்கிப் பழைய பதிவுகளோடு சேர்த்துக்கொள்ளும். இரண்டிலும் ஒரே மென்பொருள், பழைய பதிவுகளும் இரண்டிலும் இருக்கும். அடுத்த கிளினிக்குக்கான சீட்டுகளும் என் பிரிண்டரில்தான் அச்சாகும். அந்த நர்ஸ் கையில் இருந்த சீட்டை அச்சடித்தவள் நான்.

மறுநாள் வட்டகொடையில் முதல் ரயிலைப் பிடித்து, அலுவலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றேன். கணினியில் அண்ணியின் பெயரைத் தட்டினேன். வந்தது அண்ணி இல்லை. பெயர் அண்ணியுடையது, புருஷன் பெயர், பிறந்த வருஷம், பிள்ளைகள் எல்லாம் வேறு யாருடையதோ. கர்ப்பம் மட்டும் அண்ணியுடையது. கீழே மருந்து என்ற இடத்தில் மாதாந்த பென்சிலின் என்று இருந்தது. நெடுநாளாகப் போட்டுக்கொள்பவர் என்பதால் சோதனை ஊசிகூடத் தேவையில்லை என்று ஒரு குறிப்பும் இருந்தது.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் யார் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் தோட்டத்தில் ஒரு கல்லை விட்டெறிந்தால் அந்தப் பெயருள்ள ஒருத்தியின் கூடையில்தான் விழும். அடுத்த லயத்தில் அதே பெயரில் ஒருத்தி இருந்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இதயத்தைத் தொட்டுவிட்டது. மாதா மாதம் பென்சிலின் போட்டாக வேண்டும், தவறினால் மூச்சு வாங்கும். மூன்றாவது பிள்ளையே வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு உயிராக இருந்த மருந்து என் அண்ணிக்கு விஷம். கணினியோ இரண்டு பேரையும் ஒருத்தியாக்கி வைத்திருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. கண்டுபிடித்ததும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திரையில் பெயருக்குக் கீழே ‘கணக்கு’ என்று ஒரு கட்டம் இருந்தது.

மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதை விளக்கித்தான் ஆகவேண்டும். ஒரு பெரிய தோட்டத்தைப் பிரிவு பிரிவாக வைத்திருப்பார்கள். அந்தப் பிரிவைத்தான் நாங்கள் கணக்கு என்போம். மேட்டில் இருப்பது மேக்கணக்கு, பள்ளத்தில் இருப்பது கீக்கணக்கு. கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் பஸ்ஸிலும் எங்களை யார் கேட்டாலும் முதல் கேள்வி ‘நீங்க எந்தக் கணக்கு?’ என்பதுதான். மென்பொருளை எழுதியவர்கள் அந்தக் கட்டத்தில் கேட்டது வேறு. அவர்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு எக்கவுண்ட் இலக்கம் உண்டாம். ஒருவருடையது இன்னொருவருக்கு வராதாம். அதை யாரோ தமிழில் கணக்கு என்று மொழிபெயர்த்திருந்தார்கள். அவரைக் குறை சொல்லவும் முடியாது, எந்த அகராதியும் அப்படித்தான் சொல்லும். லெப்டொப்பில் பதிபவர் திரையைப் பார்த்து “கணக்கு என்ன?” என்று கேட்பார். “மேக்கணக்குங்க” என்று பெண்கள் சொல்வார்கள். அவரும் அதையே தட்டுவார். கேட்டவருக்கும் சந்தேகம் வரவில்லை, சொன்னவர்களுக்கும் வரவில்லை. அந்த மென்பொருள் வந்த புதிதில் எங்கேயோ இருக்கும் வெள்ளைக்காரன் நம்முடைய கணக்கைக்கூடத் தெரிந்து வைத்திருக்கிறானே என்று நானே பூரித்துப்போனேன்.

முதலில் கையாலேயே சரிசெய்தேன். அண்ணிக்குப் புதுப் பதிவு போட்டு, பென்சிலின் ஆகாது என்று எழுதி, மற்றவளைப் பழையபடி பிரித்து வைத்தேன். வார முடிவில் லெப்டொப் வந்தது. மேக்கணக்குப் பதிவுகள் உள்ளே வந்ததும் கணினி என்னைக் கேட்காமலே இருவரையும் திரும்ப ஒருத்தியாக்கியது. கடைசியாக எழுதப்பட்டதே செல்லும் என்பதால் இந்த முறை என் குறிப்பு நிலைத்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது. அண்ணிக்கு இனிப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கிளினிக் முடிந்த மாலை அடுத்த லயத்துக்காரி எங்கள் வாசலில் வந்து நின்றாள். மேட்டில் ஏறி வந்ததில் அவளுக்கு மூச்சு இரைத்தது.

“ஏங்க, உங்க ஆபீசு சீட்டுல எனக்கு ஊசி ஆகாதுன்னு போட்டிருக்காமே. எப்ப இருந்துங்க ஆகாமப் போச்சு? வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அதப் போட்டுத்தானே நான் உசுரோட இருக்கேன்?”

அண்ணி அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள். இரண்டு பேரும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் ஒருத்தியைக் காப்பாற்றினால் மற்றவளுக்கு ஆபத்து. கையால் செய்கிற வேலை எதுவும் இதற்கு உதவாது, அந்த மென்பொருளைத்தான் மாற்ற வேண்டும் என்பது அப்போது தெளிவாகப் புரிந்தது.

அது திறந்த மூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே எழுதியிருக்கும் நிரலைப் படிக்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். ஏற்பதா வேண்டாமா என்பதை அதைப் பராமரிக்கிற சிலர் முடிவு செய்வார்கள். ஹட்டனில் ஒரு வருஷ கம்பியூட்டர் வகுப்பில் படித்ததை வைத்துக்கொண்டு நான் அதற்குள் நுழைந்தேன். முழங்கால் அளவு தண்ணீர் என்று நினைத்து இறங்கியது கழுத்து வரைக்கும் வந்தது. ஆனாலும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டேன். பெயரும் ஒன்று, கணக்கும் ஒன்று என்றால் ஆளும் ஒன்று. புதியதைப் பழையதன் மேல் எழுது. இவ்வளவுதான் அங்கே இருந்தது. பிறந்த வருஷத்தைப் பார்க்கவில்லை, புருஷன் பெயரைப் பார்க்கவில்லை. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

எங்கள் மேலதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். வேலையில் சுத்தமானவர், கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு மட்டும் அளவுக்கு மீறிப் பயப்படுவார். அவரிடம் போய், நம் அலுவலகக் கணினியிலாவது அந்த வரியை மாற்றிக்கொள்கிறேன் என்று கேட்டேன்.

“கணக்கெண்டால் கணக்குத்தானே பிள்ளை, அதிலை என்ன பிழை?” என்றார் முதலில். நான் விளக்கியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். “விளங்குது. ஆனால் கொழும்பிலை இருந்து தந்ததிலை நாங்கள் கை வைக்கேலாது. வேறை ஒரு கிளையிலை ஒருத்தர் கை வைச்சு, இருந்த பதிவெல்லாம் அழிஞ்சு போச்சு. இப்ப உத்தியோகபூர்வமா வாற பதிப்பைத் தவிர ஒண்டும் போடக் கூடாதெண்டு கட்டளை. அவையிட்டைக் கேட்டு, அவை மாத்தினால், அது வரேக்கை எங்களுக்கும் வரும்.”

“அதுவரைக்கும் எங்க அண்ணி என்ன சார் செய்றது?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசையில் இருந்த கோப்பைப் புரட்டத் தொடங்கினார். அவர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இருந்தாலும் அவர் சொன்னதில் ஒரு விஷயம் காதில் ஏறியது. புதிய பதிப்பு ஒன்று வெளிவரும் நேரம் அது. வெளிவந்ததும் கொழும்பில் லெப்டொப்புகளில் அதைப் போட்டுத்தான் அடுத்த சுற்றுக்கு அனுப்புவார்கள். அந்தச் சுற்றில் எங்கள் தோட்டத்துக்கு வேன் வரும்போது அண்ணிக்கு மாதம் நெருங்கியிருக்கும். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் அன்று லெப்டொப்பில் உள்ளதைப் பார்த்து அங்கேயே எழுதித் தருகிற சீட்டைத்தான் கையில் கொண்டுபோவாள். ஆஸ்பத்திரியில் அவளை யாருக்கும் தெரியாது, அவள் பேசுகிற நிலையில் இருப்பாளோ என்னவோ. அந்தப் பதிப்பைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

திருத்தம் அனுப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. முழு நிரலையும் அனுப்பக் கூடாது. எந்த வரியை எடுத்தேன், எந்த வரியைச் சேர்த்தேன் என்ற வித்தியாசத்தை மட்டும் அனுப்ப வேண்டும். எடுத்த வரிக்கு முன்னால் கழித்தல் குறி, சேர்த்த வரிக்கு முன்னால் கூட்டல் குறி. பேட்ச் என்பார்கள், ஒட்டு. கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போட்டே வளர்ந்தவளுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. தானாகச் சேர்க்கும் வரியை எடுத்துவிட்டு, பெயரும் கணக்கும் ஒத்துப்போனால் நிறுத்திக் கேள் என்று எழுதினேன். பிறந்த வருஷத்தையும் ஒப்பிடச் சொல்லலாமா என்று யோசித்தேன். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குப் பிறந்த வருஷம் யாரோ குத்துமதிப்பாகப் போட்டதுதான். அதனால் கேட்பதுதான் சரி என்று முடிவு செய்தேன்.

அலுவலகத் தொலைபேசி வயரைப் பிடுங்கி மோடத்தில் செருகி, அது கீச்சிட்டுக் கத்துவதைக் கேட்டுக்கொண்டே அனுப்பினேன். கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. பிறகு ஒரு நாள் பதில் வந்தது. பராமரிப்பவர்களில் ஒருவர், முன்பின் தெரியாதவர், எந்த நாடு என்றுகூட எனக்குத் தெரியாது. எக்கவுண்ட் இலக்கம் என்பதன் அர்த்தமே அது ஒருவருக்கு ஒன்று என்பதுதான். உங்கள் ஊழியர்கள் அதில் வேறு எதையோ எழுதுகிறார்கள் என்றால் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். ஒவ்வொரு தடவையும் நிறுத்திக் கேட்டால் பயன்படுத்துகிறவர்களுக்கு எரிச்சல் வரும். பதிப்பு நெருங்கிவிட்டதால் திரையிலுள்ள சொற்களையும் இனி மாற்ற முடியாது. இவ்வளவையும் மரியாதையாக எழுதி, ஆர்வத்துக்கு நன்றி என்று முடித்திருந்தார்.

ஆர்வமாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒப்பந்தம் போட்டு எங்கள் ஆட்களைக் கப்பலேற்றிய அரசாங்கங்களைப் போல, எங்களைக் கேட்காமல் எங்களை மூட்டையாகக் கட்டுவது உங்களுக்கும் பழக்கமாகிவிட்டதா என்று ஆரம்பித்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இருந்த கெட்ட சொற்களை எல்லாம் ஒன்று சேர்த்து ஒரு பதில் எழுதினேன். அனுப்பும் பொத்தானில் விரலை வைத்தபோது மேலதிகாரி பின்னால் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

“உப்பிடி எழுதினால் அவன் ரெண்டாவது வரியோடை மூடிப்போட்டுப் போடுவான். பிறகு உம்முடைய அண்ணிக்கு ஆர் இருக்கினம்?” என்றார்.

அவர் கேட்ட கேள்வி சுட்டது. அழித்தேன். அழிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவமானத்தில் வந்ததா பயத்தில் வந்ததா என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்த ஆளின் பதிலைத் திரும்பவும் படித்தேன். கடைசிக்கு முன் ஒரு வரி இருந்தது. தவறு நிகழ்வதைக் காட்டும் சோதனை இருந்தால் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். சோதனை என்றால் இயக்கிப் பார்க்கக்கூடிய ஒரு சின்ன நிரல். இவற்றைக் கொடுத்தேன், இது வந்தது என்று கணினியே சாட்சி சொல்லும். சரி, சாட்சியே சொல்லட்டும் என்று உட்கார்ந்தேன். இரண்டு பெண்களை எழுதினேன். பெயர் ஒன்று. கணக்கு என்ற இடத்தில் மேக்கணக்கு என்று தமிழிலேயே போட்டேன். முதல் பெண்ணுக்குப் பென்சிலின் உயிராபத்து, கர்ப்பிணி. இரண்டாவது பெண்ணுக்கு இதய நோய், மாதாமாதம் பென்சிலின். இரண்டையும் மென்பொருளிடம் கொடுத்துவிட்டு, எத்தனை பேர், யாருக்கு என்ன மருந்து என்று கேட்டேன். ஒருத்தி என்று பதில் வந்தது. கர்ப்பிணி, மாதாமாதம் பென்சிலின். எச்சரிக்கை எதுவுமில்லை. வரிசையை மாற்றிக் கொடுத்தேன். அப்போதும் ஒருத்திதான், இதய நோயாளி, பென்சிலின் கொடுக்கவே கூடாது.

விளக்கம் ஒன்றும் எழுதாமல் அதை மட்டும் அனுப்பினேன். இந்த முறை பதில் அன்று மாலையே வந்தது. ஒரே ஒரு வரி.

இவர்கள் உண்மையான ஆட்களா?

ஒருத்தி என் அண்ணி, மற்றவள் அடுத்த வீடு என்று பதில் போட்டேன். அடுத்த வீடு என்றுதான் எழுத முடிந்தது. லயத்துக்கு ஆங்கிலத்தில் என்ன எழுதுவது?

அவர் அதற்குப் பிறகு வேறு ஆளாகிவிட்டார். சமாதானமாக ஒரு சொல் எழுதவில்லை, வேலையைத்தான் எழுதினார். இந்த வரி நீளம், உடை. இந்த இடத்தில் பதிவே இல்லாவிட்டால் நிரல் நின்றுவிடும், அதைப் பார். சோதனையை அதற்குரிய கோப்பில் வை. புதிய சொற்களுக்குத் தடை இருக்கிறது, ஆனாலும் இந்தக் கேள்விக்காக ஒரே ஒரு வாக்கியத்தை அனுமதிக்கச் சொல்லி மற்றவர்களிடம் கேட்கிறேன், அதன் தமிழையும் நீயே எழுது. கணக்கு என்ற சொல்லை இப்போது தொட முடியாது. திங்கட்கிழமை கதவு மூடும், அதற்குள் வராவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

அது வெள்ளிக்கிழமை. மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை, அதையடுத்து ஞாயிறு, அலுவலகம் பூட்டியிருக்கும். போகும்போது மேலதிகாரி சாவியை என் மேசையில் வைத்தார்.

“நீர் ஒண்டும் கேக்கேல்லை, நான் ஒண்டும் தரேல்லை,” என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அந்த மனிதரை நான் எவ்வளவு திட்டியிருப்பேன் என்று நினைத்து வெட்கமாகிவிட்டது.

போயாவன்று மழை கொட்டியது. ஹட்டனுக்கு மழை புதிதில்லை என்றாலும் அது ஊரையே கழுவிக்கொண்டு போகிற மழை. சொன்னதை எல்லாம் திருத்தினேன். அந்த ஒற்றை வாக்கியத்துக்குத்தான் நேரம் போனது. ஒருமைப்பாடு, அடையாளம் என்று என்னென்னவோ எழுதி எழுதி அழித்தேன். வாயால் வாசித்தால் கேட்கிறவளுக்குப் புரிய வேண்டும், அவள் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் எங்கள் பேச்சுக்குப் பக்கத்தில் இருப்பதாக ஒன்று அமைந்தது. சோதனையை இயக்கினேன். எத்தனை பேர் என்ற கேள்விக்கு இரண்டு என்று வந்தது. தனியாக இருந்த அந்த அறையில் வாய்விட்டு “அப்படிச் சொல்லு!” என்று கத்தினேன்.

வயரைச் செருகினால் தொலைபேசி செத்திருந்தது. எங்கேயோ மண்சரிந்து கம்பத்தைச் சாய்த்துவிட்டது. கோப்பை ஃபிளொப்பியில் இறக்கி, அதைப் பொலித்தீனில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஜாருக்கு ஓடினேன். காசு கொடுத்துத் தொலைபேசி பேசுகிற கொமினிகேஷன் கடைகள் அங்கே இருந்தன, முதல் கடையில் இன்டர்நெட் இல்லை. இரண்டாவது கடையில் வேறு தொலைபேசிப் பெட்டியிலிருந்து லைன் வந்ததால் அது வேலை செய்தது. ஃபிளொப்பியைப் போட்டால் வாசிக்க முடியவில்லை என்றது. எடுத்து ஊதி, துடைத்து, சாமியைக் கும்பிட்டு மறுபடி போட்டேன். வாசித்தது. மடலோடு கோப்பை இணைத்து அனுப்பினேன். பட்டை ஊர்ந்து ஊர்ந்து முக்கால் தூரம் போயிருக்கும், மின்சாரம் போனது.

கடைக்காரர் மெழுகுவர்த்தியைத் தேடினார். நான் இருட்டில் அந்தக் கறுத்த திரைக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் வந்தால் பார்க்கலாம் என்றார். அன்று வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயிலும் இல்லை, பஸ்ஸும் பாதி வழியோடு நின்றது. மிச்சத்தை நனைந்துகொண்டு நடந்து போனேன். மின்சாரம் வந்திருந்தது. மறுபடி அனுப்பினேன், இந்தத் தடவை பட்டை கடைசி வரைக்கும் போனது. போய்ச் சேர்ந்ததா, நேரத்துக்குச் சேர்ந்ததா, மற்றவர்கள் அந்த ஒரு வாக்கியத்துக்குச் சம்மதித்தார்களா என்று எதுவும் தெரியாது.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து மடல் எதுவும் வரவில்லை. தொலைபேசியும் வாரக் கணக்கில் விட்டு விட்டுத்தான் வேலை செய்தது. புதிய பதிப்பு வந்துவிட்டது, கொழும்பில் லெப்டொப்புகளில் போட்டுவிட்டார்கள் என்று மட்டும் மேலதிகாரி விசாரித்துச் சொன்னார். என் அலுவலகக் கணினிக்கு அது இன்னும் வரவில்லை. உள்ளே என் ஒட்டு இருக்கிறதா என்று பார்க்க வழியில்லை. தெரியாமல் இருப்பது, இல்லை என்று தெரிவதை விட மோசம். சோறு இறங்கவில்லை. அண்ணியை எங்கும் தனியாக விடாமல் பின்னாலேயே சுற்றினேன்.

“பாப்பா, புள்ள எனக்கா ஒனக்கா?” என்று அவள் கேலி செய்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். பயம் இல்லாமலா இருந்திருக்கும்? காட்டிக்கொள்ளவில்லை.

கிளினிக் நாளில் விடுமுறை எடுத்துக்கொண்டு அவளோடு போனேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில்தான் மேசை போட்டிருந்தார்கள். கொழும்பிலிருந்து நேராக வந்த வேன், புதிதாக வந்த பதிவுக்காரர், புதிய நர்ஸ். பழைய நர்ஸுக்கு வேறு இடம் மாற்றமாம். எங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. வரிசையில் அண்ணிக்குச் சில பேருக்குப் பின்னால் அடுத்த லயத்துக்காரி நின்றாள். அவள் உதடு நீலம் பூத்திருந்தது.

நான் பதிவுக்காரரின் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். தள்ளி நில்லுங்க என்றார். நகரவில்லை. அண்ணியின் முறை வந்தது.

“பேரு?”

அண்ணி சொன்னாள். அவர் தட்டினார்.

“கணக்கு என்ன?”

“மேக்கணக்குங்க.”

தட்டினார். பொத்தானை அழுத்தினார். திரை அப்படியே நின்றது. பழைய பதிப்பாக இருந்தால் இந்த இடத்தில் ஒன்றும் பேசாமல் அடுத்த பக்கம் போய்விடும். போகவில்லை. கேட்கவும் இல்லை. லெப்டொப் உள்ளுக்குள் கரகரவென்று சத்தம் போட்டது. பதிவுக்காரர் மேசையில் விரலால் தாளம் போட்டார். அண்ணியின் கையைப் பிடித்திருந்தேன். வலிக்குது பாப்பா என்று அவள் சொன்ன பிறகுதான் எவ்வளவு இறுக்கியிருந்தேன் என்று தெரிந்தது.

திரையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்தது.

“இது என்ன புதுசா கேக்குது,” என்று பதிவுக்காரர் முணுமுணுத்துவிட்டு, நான் மழையில் உட்கார்ந்து எழுதிய வாக்கியத்தை எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தார். “இதே கணக்கில் இதே பெயரில் ஒருவர் இருக்கிறார். அவரும் இவரும் ஒரே ஆளா?” பிறகு அண்ணியை நிமிர்ந்து பார்த்தார். “என்னம்மா, அவங்கதானா நீங்க?”

கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அண்ணி. அவள் வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, களத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“நான் அவ இல்லைங்க. எனக்குப் பென்சிலின் ஆகாது.”

அவர் இல்லை என்பதை அழுத்தினார். பென்சிலின் ஆகாது என்று பதிந்தார். நான் அந்தக் களத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதேன்.

வரிசை நகர்ந்து அடுத்த லயத்துக்காரி மேசைக்கு வந்தாள். பெயர், மேக்கணக்கு. இந்த முறை பெட்டி உடனே எழுந்தது. பதிவுக்காரர் அலுப்போடு திரும்பவும் அதே கேள்வியை வாசித்து, முன்னால் போன கர்ப்பிணியைக் காட்டி, அவங்கதானா நீங்க என்று கேட்டார்.

அவள் அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

“நானும் அவ இல்லைங்க,” என்று சொல்லிவிட்டு, ஊசிக்காகச் சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.